மலைக்குளிரும் தொட்டில் படுக்கையும்

பள்ளி விடுமுறையில் உங்கள் பிள்ளைகள் கேமரன் மலைக்கு முகாம் போகலாம். 1,000 மீட்டர் உயரம் ஏறினால் ஏறக்குறைய 6 டிகிரி செல்சியஸ் வெப்பம் குறைகிறது. தோட்டத்தில் போர்வையே தேடாத பிள்ளை அங்கே நடுங்கிப்போகும்.

மரத்துக்கு மரம் தொட்டில் கட்டிப் படுப்பவருக்குக் குளிர் கீழிருந்தே வரும். நம்மைக் காப்பது கம்பளியின் இழைகளுக்கிடையே அடைபட்டிருக்கும் காற்றுதான். முதுகுக்கு அடியில் கம்பளி நசுங்கினால் அந்தக் காற்று வெளியேறிவிடும். தொட்டிலுக்கு அடியில் வீசும் காற்று உடம்புச் சூட்டைக் கொண்டுபோய்விடும். ஆகையால் ஒரு கம்பளியைத் தொட்டிலுக்கு வெளியே, அடிப்புறத்தில், நசுங்காமல் ஒட்டினாற்போல் கட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் நுரைப்பாயையோ மடித்த செய்தித்தாள்களையோ உள்ளே விரிக்கலாம்.

நனைந்த உடையை மாற்றி, தலைக்குத் தொப்பியும் காலுக்கு உலர்ந்த காலுறையும் அணிந்து, வயிறார உண்டு படுக்கட்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். கரி அடுப்பைக் கூடாரத்துக்குள் வைக்கவே கூடாது. அதிலிருந்து வரும் நச்சுவாயுவுக்கு மணம் கிடையாது. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். மது குடித்தால் குளிர் போகும் என்று பெரியவர்கள் சிலர் எண்ணுகிறார்கள். அது தோலுக்கு இரத்தத்தை இழுத்து, உடம்பின் உட்சூட்டை வெளியேற்றிவிடும். ஒரு குவளை சுடுதேநீரே போதும்.