கணிப்பொறியில் ஒரு சிற்றில்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



கவிதை பேசும் அவையில் கணிப்பொறிக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். கணிப்பொறி வழியே நம் பிள்ளைகள் கற்கும்போது அங்கே விளையாட்டுக்கு உரிய இடம் எது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். விளையாட்டு நம் மரபுக்கு அயலானதன்று. உவகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கினுள் ஒன்றாக அதை மெய்ப்பாட்டியலில் வைத்தார் தொல்காப்பியர். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் சிறுபறைக்கும் சிறுதேருக்கும் அம்மானைக்கும் ஊசலுக்கும் தனித்தனிப் பருவமே வகுத்தார்கள்.

அந்த வரிசையில் வரும் சிற்றிலைச் சற்று எண்ணிப் பாருங்கள். சிறுமி மணலைக் குவித்து வீடு கட்டுகிறாள். தீ மூட்டாமலே சோறாக்குகிறாள். விருந்தினரை அழைத்து இலை போடுகிறாள். வீடு இடிந்தால் மறுபடி கட்டிக்கொள்ளலாம். ஆயினும் இல்லறத்தின் ஒழுங்கு முழுவதும் அந்த மணலுக்குள் இருக்கிறது. உண்மை வாழ்வின் ஒழுங்கை வைத்துக்கொண்டு அதன் ஆபத்தை மட்டும் நீக்கிவிடுவது பாவனை. ‘சிமுலேஷன்’ என்று இன்று பெரிதாகப் பேசப்படுவது இதைத்தான்.

கணிப்பொறி பிறப்பதற்கு முன்பே இந்தப் பாவனை கல்விக்குப் பயன்பட்டது. அமெரிக்காவின் பிங்காம்டன் நகரில் எட்வின் லிங்க் என்பவரின் தந்தையார் ஆர்கன் என்னும் இசைக்கருவி செய்யும் தொழிலகம் நடத்திவந்தார். அந்த இசைக்கருவிக்குக் காற்றூட்டும் துருத்திகளைக் கொண்டே, தரையில் இருந்தபடி சாய்ந்தும் நிமிர்ந்தும் அசையும் விமானக் கூடு ஒன்றை 1929-இல் லிங்க் செய்து முடித்தார். முதலில் அதைக் கேளிக்கைப் பூங்காக்கள்தாம் வாங்கின. 1934-இல் அஞ்சல் சுமந்து பறந்த படை விமானிகள் பலர் கடும் வானிலையில் உயிரிழந்த பிறகே, அந்நாட்டுப் படைத்துறை பயிற்சிக்காக அதை வாங்கியது. விளையாட்டுப் பொருளாக இருந்தது உயிர்காக்கும் ஆசிரியராயிற்று.

இனிக் கணிப்பொறிக்கு வருவோம். 1971-இல் மினியாபொலிஸ் நகரில் டான் ராவிட்ச் என்னும் பயிற்சி ஆசிரியர், அமெரிக்காவின் மேற்கு நோக்கிய குடியேற்ற வரலாற்றை வகுப்பில் நடத்த வேண்டியிருந்தது. நண்பர்கள் பில் ஹைன்மன், பால் டில்லன்பெர்கர் இருவரும் நிரல் எழுத, ‘ஒரிகன் டிரெயில்’ என்னும் விளையாட்டு உருவாயிற்று. திரையில்லை, படமில்லை, காகிதச் சுருளில் எழுத்தடிக்கும் தொலைதட்டச்சுப் பொறி மட்டுமே. பின்னர் அச்சில் வெளிவந்த வடிவில் கதை இது: ஆண்டு 1847. ஐந்து பேர் கொண்ட குடும்பம் 2,040 மைல் வண்டியில் செல்ல வேண்டும். சேமிப்பு 900 டாலர். வண்டிக்கே 200 போய்விட்டது. மீதியில் காளைக்கு எவ்வளவு, உணவுக்கு எவ்வளவு, தோட்டாவுக்கு எவ்வளவு, உடைக்கு எவ்வளவு?

உடையில் சிக்கனம் பிடித்தவன் மலைக்குளிரில் மாட்டிக்கொள்கிறான். அவனை ஆசிரியர் கடிந்துகொள்வதில்லை, மதிப்பெண்ணும் குறைவதில்லை. அவன் எடுத்த முடிவே பனியாக அவன்மேல் பெய்கிறது. வழியில் நேரும் நோயும் விபத்தும் எத்தனை முறை வரவேண்டும் என்பதை, அக்காலப் பயணிகளின் நாட்குறிப்புகளைப் படித்து ராவிட்ச் பின்னர்த் திருத்தியமைத்தார். பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகக் கிடந்த துயரம் மாணவனின் சொந்தக் கவலையாக மாறியது.

மற்றொரு சான்று, 1967-இல் சீமோர் பேப்பர்ட், வாலி ஃபோயர்சைக், சிந்தியா சாலமன் ஆகியோர் உருவாக்கிய ‘லோகோ’ என்னும் நிரல்மொழி. அதில் ஆமை ஒன்று குழந்தையின் கட்டளைப்படி நடந்து கோடு வரையும். முக்கோணம் வரைய விரும்பும் குழந்தை, ‘நூறு அடி நட, அறுபது பாகை திரும்பு’ என்று மும்முறை கட்டளையிடுகிறது. முக்கோணத்தின் உட்கோணம் அறுபது என்று படித்திருக்கிறதல்லவா? ஆனால் ஆமையோ பாதி அறுகோணத்தை வரைந்துவிட்டு நிற்கிறது. குழந்தை எழுந்து தானே ஆமையாகி அறைக்குள் நடந்து பார்க்கிறது. புறப்பட்ட இடத்திற்கு வந்து முதலில் நோக்கிய திசையையே மீண்டும் நோக்க, மொத்தம் 360 பாகை திரும்ப வேண்டும். மூன்று திருப்பமென்றால் ஒவ்வொன்றும் 120 என்று கால்களால் கற்றுக்கொள்கிறது. அங்கே தவறு தண்டனைக்குரியதாக இல்லை, ஆராய்ச்சிக்குரிய பொருளாகிவிட்டது.

அன்பர்களே, இந்த இரண்டிலும் கற்கவேண்டிய பொருளே விளையாட்டாக இருப்பதைக் கவனியுங்கள். இன்று கடைகளில் கல்வி விளையாட்டு என்று விற்கப்படுபவற்றுள் பல அப்படியில்லை. வாய்பாட்டுக் கணக்கு ஒன்று. விடை சரியென்றால் ஒரு நட்சத்திரம், ஒரு கைதட்டல். வேப்பங்கொழுந்துக்குச் சர்க்கரை பூசிய கதை அது. சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. நட்சத்திரத்தையும் ஓசையையும் நீக்கிவிடுங்கள். அதன் பிறகும் குழந்தை அதை விட்டு எழ மறுத்தால் அது விளையாட்டு. எழுந்து ஓடிவிட்டால் அது வீட்டுப்பாடம்.

நல்ல பாவனையிலும் ஓர் ஆபத்து உண்டு. 1989-இல் வில் ரைட் வெளியிட்ட ‘சிம்சிட்டி’யில் பிள்ளைகள் நகரமொன்றை அமைத்து ஆள்கிறார்கள். வரியைக் கூட்டினால் என்ன நேரும், சாலை போட்டால் யார் குடிவருவார் என்பதற்கான விதிகள் உள்ளே மறைந்திருக்கின்றன. ஜே ஃபாரெஸ்டர் 1969-இல் எழுதிய நகர இயக்கம் பற்றிய நூலின் தாக்கம் அவ்விதிகளில் உண்டு. விளையாடும் பிள்ளையோ, இதுதான் உலக இயல்பு என்று நம்பிவிடுகிறது. முன்னே சொன்ன ஒரிகன் பயணமும் குடியேறியவரின் கண்ணால் மட்டுமே பார்க்கப்பட்ட கதை. அந்த மண் யாருடையதோ, அவர்கள் வழியோரத்துப் பாத்திரங்களாகவே நின்றார்கள். 2021-இல் வந்த புதிய வடிவத்திற்குத்தான் பூர்வகுடி வரலாற்று அறிஞர்களின் துணை நாடப்பட்டது. இடையில் ஐம்பது ஆண்டுகள்! எத்தனை வகுப்பறைகள்!

ஆகவே, ஆடத் தெரிந்தால் போதாது. ஆட்டத்தின் விதியை யார் எழுதினார் என்று கேட்கவும், அதை மாற்றி எழுதவும் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். இதைக் கவிஞர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தளையும் தொடையும் தாமே ஏற்றுக்கொண்ட விதிகள் என்பதும், விதியை நன்கு ஆடியவனே அதை மீறிப் புதுவழி காண்கிறான் என்பதும் நீங்கள் அறிந்தவை.

விதியைத் தம் மொழியிலேயே எழுத வேண்டாமா நம் பிள்ளைகள்? அதற்கும் தொடக்கம் உண்டு. ‘எழில்’ என்னும் நிரல்மொழியைப் பற்றி முத்து அண்ணாமலை 2009-இல் ஆய்வுரை வெளியிட்டார். அதில் கட்டளைகள் தமிழ்ச் சொற்கள். ‘ஆனால்’ என்னும் சொல் நிபந்தனைக்குப் பின்னே வருகிறது. தமிழ்த் தொடரின் இயல்பு அதுவன்றோ? ஆங்கிலம் வாராத குழந்தையும் ஆளக்கூடிய கருவி இது.

கருவி இருக்கிறது, சிற்றிலுக்கு மணல் நாம் தரவேண்டும். மழைக்கணக்கும் ஏரிப்பாசனமும், மீனவர் காற்றறிவும், ஊர்ச்சந்தையின் கொடுக்கல் வாங்கலும் பாவனை விளையாட்டுகளாகக் காத்திருக்கின்றன. அவற்றுக்குச் சொல் வேண்டும், கதை வேண்டும், வாழ்வின் ஒழுங்கை அறிந்த கண் வேண்டும். நிரல் எழுதுவோரோடு கவிஞர்கள் அமர்ந்தாலன்றி இவை கிட்டா. அடுத்த பத்தாண்டில் நம் வட்டம் அப்படி ஒரே ஒரு விளையாட்டையேனும் ஆக்கித் தருமானால், எங்கோ ஒரு சிறுமி அதைக் கலைத்துத் தன் விருப்பப்படி திருப்பிக் கட்டுவாள். அவள் கலைப்பதையும் நாம் வரவேற்போம்.