ஓட்டுச் சாவடி யாருடையது?

(ஒரு கிராமத்தில் நடைபெற்ற ஓட்டர்கள் கூட்டத்தில் பேசியது)



யாருக்கு ஓட்டுப் போட வேண்டும் என்பதைப் பற்றி இன்று நாம் பேசப் போவதில்லை. அதைச் சொல்ல ஒலிபெருக்கி கட்டிக் கொண்டு ஏராளமான பேர் வருவார்கள். ஓட்டை எங்கே போடுகின்றோம், யார் முன்னிலையில் போடுகின்றோம், அந்த இடத்தை நடத்துகின்றவர்கள் யார் என்பதைப் பற்றி மாத்திரமே பேச உத்தேசம். ஒரு பள்ளிக்கூட அறை, நாலு மேஜை, ஒரு பெட்டி, இதிலே பேசுவதற்கு என்ன இருக்கின்றது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நாமும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்திருந்தோம். நாம் பெரிய படிப்புப் படித்தவரல்ல. கையில் அகப்பட்ட பழைய புத்தகங்களையும் சட்டங்களையும் எழுத்துக் கூட்டிப் படித்துத் தெரிந்து கொண்டதைத்தான் சொல்லுகின்றோம். நாம் சொல்லுவதாலேயே நம்பிவிட வேண்டாம். உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டதை மட்டும் எடுத்துக் கொள்ளுங்கள்.

முதலில் வெள்ளைக்காரன் ஊரையே எடுத்துக் கொள்ளுவோம். இங்கிலாந்திலேயே 1872-ம் வருஷம் வரையில் இரகசிய ஓட்டு கிடையாது. மேடைக்கு முன்னால் நின்று, எல்லோரும் கேட்கும்படியாக இன்னாருக்கு என் ஓட்டு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டியதுதான். பண்ணை முதலாளி பார்த்துக் கொண்டிருக்கும்போது குடியானவன் வேறு பெயரைச் சொல்லுவானா? அந்த வருஷத்துச் சட்டம் வந்த பிறகுதான் மூடிய பெட்டியும், மறைவான இடமும் அங்கே ஏற்பட்டன. ஆஸ்திரேலியாவில் விக்டோரியா, தென் ஆஸ்திரேலியா ஆகிய குடியேற்றங்களில் அதற்கும் 16 வருஷம் முன்னதாகவே, 1856-ல், இரகசிய ஓட்டு வந்துவிட்டது. ஆகவே இரகசிய ஓட்டு என்பது ஏதோ ஆதிகாலந்தொட்டு இருந்து வந்ததல்ல. பயந்து கிடந்த மனிதனுக்காகக் கேட்டு வாங்கப்பட்டது.

நிற்க. நமது சென்னை மாகாணத்துக்கு வருவோம். மாண்டேகு செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தின்படி 1920-ம் வருஷக் கடைசியில் சட்டசபைக்கு முதல் எலக்ஷன் நடந்தது. நாலு கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் இருந்த மாகாணத்தில் ஓட்டர் ஜாபிதாவில் இருந்தவர்கள் சுமார் பன்னிரண்டரை லட்சம் பேர். அதாவது நூற்றுக்கு மூன்று பேர். கிராமத்தில் வருஷம் 10 ரூபாய்க்குக் குறையாமல் தீர்வை உள்ள நிலம் இருந்தால் ஓட்டு, உழுதவனுக்கு ஓட்டில்லை. பெண்களுக்கு அந்த எலக்ஷனில் ஓட்டே கிடையாது. 1921-ல் சட்டசபை தீர்மானம் செய்த பிறகுதான் கிடைத்தது. அந்தப் பன்னிரண்டரை லட்சத்திலும் சாவடிக்கு வந்தவர்கள் சுமார் கால் பங்குதான். காங்கிரசின் பகிஷ்காரம் அதற்கு ஒரு காரணம். அது மட்டுமா காரணம்? ஒரு ஜில்லாவே பெரும்பாலும் ஒரு தொகுதி. பல ஊர்களுக்குச் சேர்த்து ஒரு சாவடி. வண்டி வைத்திருந்தவன் போனான். வண்டி இல்லாதவன், அபேட்சகரின் ஆட்கள் ஓட்டிக் கொண்டு வந்த வண்டியில் ஏறிப் போனான். ஒருவன் வண்டியில் ஏறி, அவன் போட்ட சாப்பாட்டையும் சாப்பிட்டுவிட்டு, இன்னொருவனுக்கு ஓட்டுப் போட மனம் வருமா? சாவடியை ஐந்து மைல் தள்ளி வைத்தால், ஏழையின் ஓட்டை வண்டிக்காரன் கையில் ஒப்புவித்ததாகத்தானே அர்த்தம்?

சாவடிக்குள் நடந்ததைப் பாருங்கள். எலக்ஷனை நடத்துகின்றவர் ஜில்லாவில் கலெக்டர். சாவடியில் உட்காருகின்றவர்கள் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள். வந்திருப்பவன் இன்னான்தான் என்று அடையாளம் சொல்ல, ஊர் முன்சீபும் கர்ணமும் பக்கத்தில் இருப்பார்கள். இந்தக் கர்ணம் யார்? தகப்பனுக்குப் பின் மகன் என்று பரம்பரையாக உத்தியோகம் பார்த்து, ஊரின் நிலக் கணக்கு முழுவதையும் கக்கத்தில் வைத்திருப்பவர். பட்டா மாற்ற வேண்டுமானாலும் அவர்; அடங்கல் எழுத வேண்டுமானாலும் அவர். ஓட்டுப் போடும் அன்று, "இவன் இன்னான்தான்" என்று சொல்லவும் அவர். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போகின்றவனுக்குக் கை நடுங்காதா? அந்தக் கிராம உத்தியோகங்கள் தமிழ்நாட்டில் 1980-ல்தான் ஒழிக்கப்பட்டன என்பதையும் ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள்.

எழுதப் படிக்கத் தெரியாதவன் கதி இன்னும் மோசம். சீட்டில் பெயர்கள் அச்சடிக்கப்பட்டிருக்கும். அவனுக்கு அது காக்கை எறும்பு மாதிரி. ஆகையால் அவன் அதிகாரியிடம் போய் வாயால் பெயரைச் சொல்ல வேண்டும்; அதிகாரி குறி போடுவார். பெட்டிக்குப் பூட்டுப் போட்டார்கள், அரக்கு முத்திரை வைத்தார்கள். ஆனால் ஏழையின் வாய்க்குள் இருந்த இரகசியத்தை மட்டும் சர்க்கார் மேஜைமேல் கொட்டச் சொன்னார்கள். படித்தவனுக்கு இரகசிய ஓட்டு, படியாதவனுக்கு 1872-க்கு முந்திய ஓட்டு! இந்தப் படியாமை யாரால் வந்தது என்பதை நாம் விவரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கஷ்டத்தைத் தீர்ப்பதற்காக வந்ததுதான் வர்ணப் பெட்டி. 1937-ம் வருஷத் தேர்தலில் நமது மாகாணத்தில் கட்சிக்கு ஒரு நிறமாகப் பெட்டி வைத்தார்கள். எழுத்துத் தெரியாதவனும் கண்ணால் பார்த்துச் சீட்டைப் போடலாம். யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. இது நல்ல ஏற்பாடுதான் என்பதை நாம் ஒப்புக் கொள்ளுகின்றோம். ஆனால் இதிலும் ஓர் ஓட்டை இருந்தது. சீட்டிலே குறி ஒன்றும் இல்லாததால், ஒருவன் சீட்டைப் பெட்டியில் போடாமல் மடியில் வைத்து வெளியே கொண்டு வந்து விற்றுவிட்டால் யாருக்குத் தெரியும்? வாங்கினவன் பத்துச் சீட்டையும் ஒரே பெட்டியில் போட்டால் யார் கண்டார்கள்?

அதோடு போகவில்லை. காங்கிரசுக்குக் கிடைத்தது மஞ்சள் பெட்டி. மஞ்சள் என்றால் நம் ஜனங்களுக்கு மங்களம், தாலிக் கயிறு, சாமிக்கு முடிந்து வைக்கும் காசு. காந்தியாருக்கும் மஞ்சள் பெட்டிக்கும் ஓட்டுப் போடுங்கள் என்று ஊர் ஊராகப் பிரசாரம் நடந்தது. நிற்கின்ற அபேட்சகர் யார், அவர் யோக்கியதை என்ன, சட்டசபைக்குப் போய் என்ன செய்வார் என்கின்ற கேள்விக்கே இடமில்லாமல் போய்விட்டது. உண்டியலில் காசு போடுகின்றவன் உண்டியலைக் கணக்குக் கேட்பானா? அந்தத் தேர்தலில் 215 ஸ்தானங்களில் 159 காங்கிரசுக்குப் போயிற்று. எதிர்த்து நின்ற ஜஸ்டிஸ் கட்சியார் யோக்கியர்கள், ஏமாந்து போனார்கள் என்று சொல்லவும் நாம் வரவில்லை. ராஜாக்களையும் ஜமீன்தார்களையும் முன்னே நிறுத்திக் கொண்டு, ஊர்ப் பெரிய மனிதர் சொன்னால் ஊர் கேட்கும் என்று நம்பினவர்கள்தானே அவர்கள்? ஒருவர் பக்தியை நம்பினார். மற்றவர் பயத்தை நம்பினார். ஓட்டரின் புத்தியை நம்பினவர்கள் எத்தனை பேர் என்று கேட்கின்றோம்.

இங்கே வேடிக்கை ஒன்று சொல்ல வேண்டும். 1920-ம் வருஷத்திய 39-வது சட்டத்தின்படி, ஓட்டுக்குப் பணம் கொடுப்பதும், ஆள் மாறாட்டம் செய்வதும், பயமுறுத்துவதும் குற்றமென்று பீனல் கோடில் சேர்க்கப்பட்டது. அதில், இன்னாருக்கு ஓட்டுப் போட்டால் ஆண்டவன் கோபத்துக்கு ஆளாவாய் என்று ஓட்டரை நம்பச் செய்வதும் குற்றமென்று எழுதியிருக்கின்றது! வெள்ளைக்காரச் சர்க்காருக்கே, இந்த நாட்டில் சாமியின் பெயரால் ஓட்டுப் பறிக்க முடியும் என்பது தெரிந்திருந்தது. 1951-ம் வருஷத்துத் தேர்தல் சட்டத்திலும், 2023-ல் பீனல் கோடுக்குப் பதிலாகச் செய்யப்பட்ட புதுச் சட்டத்திலும் அந்த விதி அப்படியே இருக்கின்றது. விதி இருக்கின்றது, கோயில் பிரசாதத்தோடு ஓட்டுக் கேட்பதும், கையில் சூடம் ஏற்றிச் சத்தியம் வாங்குவதும் நின்றுவிட்டதா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

இன்னொரு சங்கதி. 1937-ல் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு 30 ஸ்தானங்கள் ஒதுக்கப்பட்டன. ஸ்தானம் ஒதுக்கினார்கள், சாவடிக்குப் போகும் தெருவை யார் ஒதுக்கினார்கள்? பொது ரஸ்தாவிலும், பொதுக் கிணற்றிலும், பொதுக் கட்டிடத்திலும் அவர்களைத் தடுக்கக் கூடாது என்பதற்கு எம். சி. ராஜா அவர்கள் மசோதா கொண்டு வந்து, 1938-ல்தான் சென்னையில் சட்டம் ஆயிற்று. தேர்தல் முடிந்து ஒரு வருஷம் கழித்து! அப்படியானால் அதற்கு முன் ஊர்த் தெருவுக்குள் இருந்த ஒரு சாவடிக்கு ஓர் ஆதிதிராவிடத் தோழன் நிமிர்ந்து நடந்து போயிருப்பானா என்பதை யோசித்துப் பாருங்கள்.

இது இப்படியிருக்க, எல்லோருக்கும் ஏன் ஓட்டுக் கொடுக்கவில்லை என்று கேட்டபோது சர்க்கார் சொன்ன சமாதானம் என்ன தெரியுமா? 1932-ல் லோதியன் கமிட்டியார், வயது வந்த எல்லோருக்கும் ஓட்டென்றால் சுமார் 13 கோடிப் பேர் ஆகின்றார்கள், அத்தனை பேருக்குச் சாவடி ஏது, அதிகாரிகள் ஏது, போலீசு ஏது, பெண்களுக்குப் பெண் உத்தியோகஸ்தர் ஏது என்று சொல்லி, சுமார் மூன்றரைக் கோடியோடு நிறுத்தச் சொன்னார்கள். அதற்கு ஒரு வருஷம் முன்னதாகவே, 1931-ல், அதே சர்க்கார் ஆண்ட இலங்கையில் 21 வயதான ஆண் பெண் எல்லோருக்கும் ஓட்டென்று வைத்து, அபேட்சகருக்கு ஒரு நிறம் கொடுத்துப் பெட்டி வைத்துத் தேர்தல் நடத்தியாயிற்று! வெள்ளைக்காரன் போன பிறகு, 1951-52-ல், 17 கோடிக்கு மேற்பட்ட ஓட்டர்களுக்குச் சுமார் 1,96,000 சாவடிகள் போடப்பட்டன. அவற்றில் 27,000-க்கு மேல் பெண்களுக்கென்றே இருந்தன. முடியாது என்றது முடிந்துவிட்டதல்லவா? ஆனால் அப்போதும் சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர் ஜாபிதாவிலிருந்து அடிக்கப்பட்டது. ஏன்? இன்னார் பெண்சாதி, இன்னார் மகள் என்று சொன்னார்களே தவிர, தங்கள் பெயரைச் சொல்லவில்லை. சொந்தப் பெயரைச் சொல்லக் கூடாதென்று எந்தச் சர்க்கார் சட்டம் போட்டது? வீட்டுக்குள் இருந்த சட்டம், சாவடி வாசலில் வந்து நின்றது.

தோழர்களே! பழங்கதைக்காக இவ்வளவும் சொல்லவில்லை. சென்ற ஒரு தேர்தலில் நாம் ஒரு சாவடியில் ஏஜெண்டாக உட்கார்ந்திருந்தோம். ஒரு கிழவி வந்து, விரலில் மை வைத்துக் கொண்டு, அதிகாரியைக் கும்பிட்டு, "சாமி, நீங்களே பாத்து ஒண்ண அமுக்கி விட்டுடுங்க" என்றாள். அந்த அதிகாரி நல்லவர். "நான் தொடக் கூடாது பாட்டி, படம் இருக்கு, நீங்களே அமுக்குங்க" என்றார். அந்த அம்மாள் பயந்து பயந்து உள்ளே போனாள். பீப் என்று சத்தம் கேட்டதும், ஏதோ தப்புச் செய்துவிட்டவள்போல் வெளியே ஓடி வந்தாள். நமக்கு அன்று சோறு இறங்கவில்லை. பெட்டி போய் யந்திரம் வந்துவிட்டது, கர்ணம் போய்விட்டார், அந்தக் கும்பிடு மட்டும் போகவில்லை.

ஆகவே நாம் கேட்டுக் கொள்ளுவது இவ்வளவுதான். ஜாபிதா வெளியிடும்போது போய் உங்கள் பெயரும், உங்கள் வீட்டுப் பெண்களின் சொந்தப் பெயரும் இருக்கின்றதா என்று பாருங்கள். சாவடி இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கின்றதா, கோயில் கட்டிடத்தில் வைத்திருக்கின்றார்களா, எல்லாத் தெருக்காரரும் பயமில்லாமல் வரக் கூடிய இடமா என்று பாருங்கள்; இல்லையென்றால் இப்பொழுதே மனுப் போடுங்கள். யார் வண்டியிலும் ஏறாதீர்கள். பாட்டிக்கும் அம்மாவுக்கும், யாருக்குப் போட வேண்டும் என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். எப்படிப் போட வேண்டும் என்று மட்டும் சொல்லிக் கொடுங்கள். அந்த மறைப்புக்குள் நிற்கும் அரை நிமிஷத்துக்குச் சாமியும் இல்லை, கணவனும் இல்லை, முதலாளியும் இல்லை, அங்கே அவர்கள் மட்டுந்தான் என்பதை எடுத்துச் சொல்லுங்கள். கும்பிடாமல் உள்ளே போய், பயப்படாமல் வெளியே வருகின்ற அன்றைக்குத்தான் அந்தச் சாவடி நம்முடையது.