வீதி யாருக்கு உரியது?



ஒல்லாந்து என்றதும் யாழ்ப்பாணக் கோட்டையை ஐங்கோணமாக எழுப்பிய பழைய ஆட்சியாளரே நம் நினைவுக்கு வருவர். அக்கோட்டையை விடுத்து, அந்நாட்டு வீதிகளைச் சற்றே நோக்குமாறு வேண்டுகிறேன்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அங்கே செல்வம் பெருகியது. மோட்டார் வண்டிகளும் பெருகின. அவற்றுக்கு வழிவிடப் பழைய வீடுகள் இடிக்கப்பட்டன, வாய்க்கால்கள் தூர்க்கப்பட்டன. துவிச்சக்கர வண்டியில் வேலைக்குச் சென்ற தொழிலாளி ஓரத்துக்குத் தள்ளப்பட்டான். விளைவு யாது? 1971ஆம் ஆண்டில் மாத்திரம் 3,000க்கும் மேற்பட்டோர் வீதிகளில் மாண்டனர். அவர்களுள் 400க்கும் அதிகமானோர் சிறுவர்!

அச்சிறுவருள் ஒருத்தி, விக் லாங்கன்ஹோஃப் என்னும் பத்திரிகையாளரின் மகள். 1972இல் அத்தந்தை எழுதிய கட்டுரையின் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று: ‘குழந்தைக் கொலையை நிறுத்து.’ பெற்றோர் வீதியை மறித்தனர். மறு ஆண்டு எண்ணெய் நெருக்கடி வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் ஓட்டம் தடைசெய்யப்பட்டது. வெறிச்சோடிய பெருவீதிகளில் மக்கள் உலாவினர். தாம் இழந்தது எதுவென்று அன்று கண்டனர்.

குரோனிங்கன் நகரசபை 1977இல் செய்ததைக் கேளுங்கள். நகரின் நடுப்பகுதியை நான்காகப் பிரித்தது. ஒரு பிரிவிலிருந்து மறு பிரிவுக்கு மோட்டார் வண்டி நேரே செல்லலாகாது. வெளிச் சுற்றுவீதிக்குப் போய்த்தான் திரும்ப வேண்டும். நடப்போருக்கும் துவிச்சக்கர வண்டிக்காரருக்கும் எவ்விதத் தடையும் இல்லை. வியாபாரிகள் கொதித்தெழுந்தனர். கடனில் கடை நடத்துபவன் அஞ்சுவது இயல்பே. அவனை நான் பழிக்கமாட்டேன். ஆயினும் மாக்ஸ் வான் டென் பேர்க் என்னும் இளம் உறுப்பினரும் அவரோடு நின்றோரும் அசையவில்லை. அத்திட்டம் நிலைத்தது. இன்று அந்நகரத்துப் பயணங்களுட் பெரும்பங்கு துவிச்சக்கர வண்டியிலேயே நடைபெறுகிறது. மருத்துவ நண்பர்களே, நீங்கள் நோயாளிக்கு விதிக்கும் உடற்பயிற்சியை அங்கே வீதியே கொடுத்துவிடுகிறது!

2023இல் ஒல்லாந்தின் வீதிச் சாவுகள் 684. மோட்டார் வண்டிகளோ 1971இல் இருந்தவற்றிலும் மிகப் பல. எனினும் மாண்டோருள் துவிச்சக்கர வண்டிக்காரரே பெருந்தொகையினர். வேலை அங்கும் முடிந்தபாடில்லை.

இங்கே கமக்காரர் பலர் இன்றும் மரக்கறி மூட்டையைத் துவிச்சக்கர வண்டியிற் கட்டியே சந்தைக்கு வருகின்றனர். உங்கள் வீதியை அகலிக்கும் வரைபடம் சபைக்கு வரும் நாளில், பொறியியலாளர்களே, கமக்காரர்களே, இருவரும் சேர்ந்து சென்று அதனை விரித்துக் காட்டுமாறு கேளுங்கள். அந்த மூட்டைக்கும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும் அதில் எத்தனை அடி ஒதுக்கப்பட்டிருக்கிறதென்று அளந்து பாருங்கள்.