தரையில் அமர்ந்து பார்ப்போம்
(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசு (1903–1963) திரைத்துறைக்கு வருமுன் மலைக்கிராமப் பள்ளி ஒன்றில் தற்காலிக ஆசிரியராக இருந்தவர். அந்த வகையில் அவர் நம்மவர்தான். தரையில் பாயில் உட்கார்ந்திருப்பவர் பார்ப்பதுபோல, கேமராவைத் தாழ்வாக வைப்பது அவர் பாணி. 1932இல் வந்த 'பிறந்தேன், ஆனால்' என்ற மௌனப் படத்தில், தங்கள் அப்பா முதலாளிக்காகக் கோமாளித்தனம் செய்வதைக் கண்டு இரண்டு சிறுவர்கள் மனம் உடைகிறார்கள், சாப்பிட மறுக்கிறார்கள். அவர்கள் உயரத்திலிருந்து பார்ப்பதால் அந்தக் கோபம் நமக்குச் சிறுபிள்ளைத்தனமாகத் தெரிவதில்லை. அவருடைய 'டோக்கியோ ஸ்டோரி' (1953), 60 ஆண்டுகளுக்குப் பிறகும் உலக இயக்குநர்களால் கொண்டாடப்படுகிறது. 2012இல் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் அவர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் அதற்கே முதலிடம்.

நம் தாமிரபரணிக் கரைக்கு வருவோம். புளியங்குளத்தில் பிறந்த மாரி செல்வராஜ், தம் இளமை அனுபவத்திலிருந்து 2024இல் 'வாழை' எடுத்தார். பள்ளி நாளில் உற்சாகமாக இருக்கும் சிவனைந்தன், விடுமுறை வந்தால் அஞ்சுகிறான். அன்று அவன் வாழைத்தார் சுமக்க வேண்டும். ஓசுவைப் பார்த்து எடுத்த படம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இங்கும் நாம் பார்ப்பது குழந்தையின் கண் வழியாகத்தான்.

அந்தப் படம் என்னைக் குற்றவாளியாக்கியது. பல ஆண்டுகளுக்கு முன், என் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் திங்கட்கிழமைதோறும் தூங்கி விழுவான். சட்டையில் கருப்புக் கறை. "துவைச்ச சட்டை போட்டு வரமாட்டியா?" என்று வகுப்பின் முன் நிற்க வைத்தேன். அவன் பேசவில்லை. பக்கத்துப் பையன்தான் சொன்னான்: "டீச்சர், அது வாழைக்கறை. துவைச்சாலும் போவாது. நேத்து ராத்திரி லோடுக்குப் போயிருந்தான்."

வாழைத் தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்த எனக்கு அந்தக் கறை தெரியாதா? தெரியும். நின்றுகொண்டு பார்த்ததால் தெரியவில்லை.

மறுநாள் அவன் அம்மாவிடம் பேசினேன். கடன் இருந்தது. பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி, தலைமையாசிரியரோடு இரண்டுமுறை வீட்டுக்குப் போனபின் அவன் லோடுக்குப் போவது நின்றது. ஆனால் அன்று நிற்க வைத்ததற்காக அவனிடம் நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை. இன்றுவரை அது உறுத்துகிறது.

பள்ளியில் சிறார் திரைப்படம் திரையிடும் நாளில் நாமும் பிள்ளைகளோடு தரையில் அமர்வோம். படம் முடிந்ததும் "கதை என்ன?" என்று கேட்காமல், "உனக்கு இப்படி நடந்திருக்கா?" என்று கேட்போம். திங்கட்கிழமை தூங்குகிற பிள்ளையிடமும் முதலில் அதைத்தான் கேட்க வேண்டும்.