குளச்சலிலிருந்து கோட்டைக்கு



1957 ஏப்ரலில் காமராஜர் அமைத்த அமைச்சரவையில் அவரோடு சேர்த்து எட்டே பேர். பக்தவத்சலம், சி. சுப்பிரமணியம், ஆர். வெங்கட்ராமன், மாணிக்கவேலர், கக்கன், ராமையா. இந்தப் பெயர்களைப் பலரும் சொல்லிவிடுவார்கள். எட்டாவது பெயர்தான் நாக்கில் வராது. அவர் ஒரு பெண். குளச்சல் தொகுதியில் வென்று கோட்டைக்குப் போன லூர்தம்மாள் சைமன். உள்ளாட்சித் துறையும் மீன்வளமும் அவருடைய பொறுப்பு.

உடன்குடிக்குப் பக்கத்தில் மணப்பாட்டுக் கடற்கரையில், காலை ஏலம் முடிந்து கூடையைத் தூக்கும் பெண்களிடம் இந்தப் பெயரைச் சொன்னால், "அது யாரு?" என்றுதான் கேட்கிறார்கள். காமராஜரைத் தெரிகிறது. அவர் கொண்டுவந்த மதிய உணவைத் தெரிகிறது. தங்களைப் போலவே மீனவர் குடும்பத்தில் பிறந்த ஒரு பெண் அதே அமைச்சரவையில் உட்கார்ந்திருந்தார் என்பது மட்டும் எட்டவில்லை. இன்றைய உரை அவர்களுக்காகத்தான்.

லூர்தம்மாளைத் தமிழகத்தின் முதல் பெண் அமைச்சர் என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியல்ல. வேதாரண்யம் உப்பு சத்தியாகிரகத்தில் சிறை சென்ற ருக்மிணி லட்சுமிபதி 1946-லேயே சென்னை மாகாணத்தின் சுகாதார அமைச்சரானார். ராஜாஜி 1953-ல் ஜோதி வெங்கடாசலத்தை அமைச்சராக்கினார். லூர்தம்மாளுக்கு அந்தப் பட்டம் தேவையும் இல்லை. அவர் பெருமை, வந்த இடத்திலும் வந்த வேளையிலும் இருக்கிறது.

1956 நவம்பர் 1 வரை குளச்சல் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. தமிழோடு சேர வேண்டும் என்று போராடிய அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு மக்கள் அன்றுதான் சென்னை மாநிலத்துக்குள் வந்தார்கள். அடுத்த சில மாதங்களில் சட்டமன்றத் தேர்தல். புதிதாக வந்து சேர்ந்த அந்த மண்ணிலிருந்து, அதுவும் கடற்கரையிலிருந்து, ஒரு பெண்ணை அழைத்து அமைச்சர் பொறுப்பைக் கொடுத்தார் காமராஜர். 1911-ல் பிறந்த லூர்தம்மாளுக்கு அப்போது வயது நாற்பத்தைந்து.

இங்கே தூத்துக்குடி நேயர்கள் கொஞ்சம் காது கொடுக்க வேண்டும். இவர் மீன்வளத்தைக் கவனித்த அந்த 1957 முதல் 1962 வரையான ஆண்டுகளில்தான் நம் கடலில் கடைசி முத்துக்குளிப்புகள் நடந்தன. 1955-ல் தொடங்கி 1961 வரை தொடர்ந்து பார்களில், அதாவது கடலடிச் சிப்பித் திட்டுகளில், முத்துச்சிப்பி எடுத்தார்கள். தொலையிரம் பார் என்ற பெயரைக் கேட்டாலே இன்றும் பழைய குளியாட்களின் பிள்ளைகளுக்கு முகம் மலரும். காலில் கல்லைக் கட்டி, எட்டுப் பாகம் பத்துப் பாகம் ஆழத்துக்கு ஒரே மூச்சில் இறங்குவார்கள். மேலே வள்ளத்தில் கயிறு பிடித்தவர் கையில்தான் கீழே இருப்பவரின் உயிர். ஏறிய சிப்பியை எண்ணிப் பிரித்து, ஒரு பங்கு குளித்தவருக்கும் மீதி அரசுக்கும் போகும். அரசுப் பங்கை ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்குமா, வெறும் சதையா என்று தெரியாமலே வியாபாரி விலை கேட்பார்.

பாண்டியர் காலத்திலிருந்து வந்த இந்தத் தொழில் 1961-க்குப் பிறகு நின்றுபோனது. அதன் பிறகு அரசு முத்துக்குளிப்பு நடத்தும் அளவுக்குப் பார்களில் சிப்பி தேறவில்லை. சங்கு குளிப்பது மட்டும் மிஞ்சியது. ஆக, பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கையின் நெடுங்கதை முடிந்த நேரத்தில் மீன்வளத் துறைக்குப் பொறுப்பேற்றிருந்தவர் ஒரு மீனவப் பெண். நம் மாவட்ட வரலாற்றில் இதை ஒரு வரியாவது எழுத வேண்டாமா?

உள்ளாட்சிக்கு வருவோம். நேரம் குறைவாக இருப்பதால் ஒன்றே ஒன்று. கிராமத்துப் பள்ளிகளின் பலகையில் "ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி" என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஊராட்சி ஒன்றியம் என்ற அமைப்பே 1958-ஆம் ஆண்டு சென்னை ஊராட்சிகள் சட்டத்தால் வந்தது. பழைய ஜில்லா போர்டுகள் போய், அவற்றின் பள்ளிகளும் சாலைகளும் ஒன்றியங்களுக்கு மாறின. லூர்தம்மாள் உள்ளாட்சி அமைச்சராக இருந்தபோதுதான் அந்தச் சட்டம் நிறைவேறி, ஒன்றியங்கள் செயல்படவும் தொடங்கின. உடன்குடி ஒன்றிய அலுவலகத்துக்கு மனு கொடுக்கப் போகும் எவரும் அந்த ஏற்பாட்டின் வாசலில்தான் நிற்கிறார்கள்.

அதற்குப் பிந்தைய வாழ்க்கையில் ஆரவாரம் இல்லை. 1962-க்குப் பின் அமைச்சரவையில் அவர் பெயர் இல்லை. 2002-ல் காலமானார்.

மாகாண அரசியலில் பெண் மேலே வருவது எங்குமே மெதுவாகத்தான் நடந்திருக்கிறது. பாகிஸ்தானின் பஞ்சாபில் 2024 பிப்ரவரியில் மரியம் நவாஸ் பதவியேற்றபோதுதான் அந்த நாட்டின் ஒரு மாகாணத்துக்கு முதல் பெண் முதலமைச்சர் கிடைத்தார். அவர் பிரதமராக இருந்த நவாஸ் ஷெரீப்பின் மகள். அந்த வசதி எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. வள்ளத்துக் குடும்பத்துப் பெண்ணுக்கு உள்ளாட்சி மன்றம்தான் பெரும்பாலும் முதல் படி.

தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கி 2016-ல் சட்டம் திருத்தப்பட்டது. இடம் இருக்கிறது. மணப்பாடு, குலசேகரன்பட்டினம், ஆலந்தலை, பெரியதாழை ஊர்களில் ஏலக் கணக்கை விரல் நுனியில் வைத்திருக்கும் சகோதரிகளே, அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் வீட்டு ஆண்கள் எழுதித் தரும் பெயராக இல்லாமல், நீங்களே முடிவெடுத்து வேட்புமனு கொடுங்கள். முத்துக்குளிப்பைக் கண்ணால் கண்ட பெரியவர்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் சொல்வதை இந்த வாரமே கைப்பேசியில் பதிந்து வையுங்கள்.