ஆற்றுக்கும் ஆளுக்கும் ஏற்ற ஓடம்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இம்மேடையில் பேசுமாறு செயலாளர் அவர்கள் அழைத்தபோது நாம் பெரிதும் தயங்கினோம். புலவர்களும் பேராசிரியர்களும் பேசிய மேடை இது. நாமோ பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, இருபத்திரண்டு ஆண்டுகளாக இரயில்வே பார்சல் அலுவலகத்தில் எடை பார்த்து இரசீது எழுதி வருகிறோம். "எதைப் பற்றிப் பேசுவது?" என்று கேட்டோம். "உங்கள் வீட்டு மாடி முகப்பில் ஒரு சிவப்புப் படகு தொங்குகிறதே, காலனி முழுவதும் அதைப் பற்றித்தான் பேச்சு, அதைச் சொல்லுங்கள்" என்றார். ஆகவே படகைப் பற்றியே பேசுகிறோம். இலக்கியம் எதிர்பார்த்து வந்தவர்கள் பொறுத்தருள வேண்டும்.

யமுனை மயூர் விஹாருக்கு மிக அருகில் ஓடுகிறது. ஆயினும் அதில் ஓடம் விடலாம் என்ற ஆசை இங்கு எவருக்கும் எழுவதில்லை. நம் பிள்ளைகளின் கண் ரிஷிகேசத்தின்மேல் இருக்கிறது. சனிக்கிழமை வந்தால் போதும், நான்கைந்து பேர் சேர்ந்து வண்டியேறி விடுகிறார்கள். பெரும்பாலோர் ஏறுவது எட்டுப் பேர் அமரும் காற்றடைத்த இரப்பர்ப் படகு. அதில் வழிகாட்டி ஒருவர் இருப்பார். அவர் சொன்னபடி துடுப்பைப் போட்டால் கரை சேரலாம். அதன் பக்கத்தில் ஒற்றை ஆள் அமர்ந்து, இருமுனைத் துடுப்பை ஏந்தி, நுரைக்குள் மறைந்தும் எழுந்தும் செல்லும் சிறு ஓடம் ஒன்றையும் பார்த்திருப்பீர்கள். அதன் பெயர் கயாக். நம் மூத்த மகன் அதைப் பார்த்தான். அன்று பிடித்தது வினை.

நான்கு நாள் பயிற்சி பெற்றான். பிறகு, "அப்பா, சொந்தமாக ஓர் ஓடம் வேண்டும்" என்றான். இரண்டு ஆண்டுகள் மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த பணம் அவனிடம் இருந்தது. பழைய ஓடம் ஒன்று விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டு இருவரும் போய்ப் பார்த்தோம். விற்றவர் பெயர் இங்கு வேண்டாம். "யாருக்கும் பொருந்தும், எந்த நீரிலும் போகும்" என்றார். பளபளவென்று சிவப்பாக, ஆறடி நீளத்தில், தூக்குவதற்கு இலேசாக இருந்தது. பேரம் பேசி வாங்கினோம். பார்சல் அலுவலகத்தில் எடை தெரியாமல் ஒரு மூட்டையையும் ஏற்காத நாம், அந்த ஓடத்தின் கொள்ளளவைக் கேட்கவே இல்லை. இதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

கடந்த அக்டோபரில் சிவபுரியில் இறக்கினான். பயிற்றுநர் முன்னே சென்றார். நாமும் பையனின் தாயாரும் கரைமேல் நின்றோம். சற்றுக் கீழே இருந்த முதற் பாய்ச்சலிலேயே ஓடத்தின் பின்பகுதி நீருக்குள் அமிழ்ந்தது, முன்பகுதி குதிரை முன்கால் தூக்குவது போல் எழுந்தது, அவ்வளவுதான், கவிழ்ந்தது. நாம் எண்ணத் தொடங்கினோம். ஒன்று, இரண்டு என்று ஒன்பது வரை எண்ணிய பின்னரே அவன் தலை வெளியே தெரிந்தது. பயிற்றுநர் தம் ஓடத்தின் முனையைப் பற்றச் செய்து அவனைக் கரை சேர்த்தார். ஒரு செருப்பும் கொஞ்சம் இரத்தமும் போயின. பையனின் தாயார் நம்மோடு ஒரு வாரம் பேசவில்லை.

அன்று மாலை அந்தப் பயிற்றுநர், கடுவாலிக்காரர், மணலில் உட்கார்ந்து நமக்குப் பாடம் சொன்னார். "ஐயா, இது விளையாட்டு ஓடம், அதிலும் மெலிந்தவர்க்கு உரியது. உம் மகனுக்கு இது ஓடம் அன்று, சட்டை" என்றார். அவர் சொன்னதை நமக்குத் தெரிந்த கணக்கில் போட்டுப் பார்த்தோம். ஓடத்தின் கொள்ளளவு 210 லிட்டர். அதாவது முழுதும் மூழ்கினால் 210 கிலோ நீரை விலக்கும். மகனின் எடை 82 கிலோ. நனைந்த உடை, தலைக்கவசம், மிதவைச் சட்டை எல்லாம் 6 கிலோ. ஓடம் 14 கிலோ. ஆக 102 கிலோ. ஏறி அமர்ந்த கணமே ஏறத்தாழப் பாதி ஓடம் நீருக்குள்! மேலே மிஞ்சியதோ தட்டையான, மெல்லிய வால். அதன்மேல் கங்கை ஏறி உட்கார்ந்தால் எப்படி நிமிரும்?

இத்தகைய ஓடம் குற்றமுள்ளதன்று. அலையின்மேல் நின்ற இடத்திலேயே சுழன்று, முனையைக் குத்தி, கரணம் போடுகிறவர்களுக்காகவே அப்படிச் செய்யப்பட்டது. ஏறத்தாழ 1.8 மீட்டர் நீளம், அடிப்பாகம் தட்டை, ஓரங்கள் கூர்மை. ஓரம் கூர்மையானால் திருப்பம் எளிது; ஆனால் கவனம் பிசகினால் குறுக்கே வரும் நீர் அந்த ஓரத்தையே பற்றிக் கவிழ்த்துவிடும். ஆற்றில் பத்துக் கல் தொலைவு இறங்கிச் செல்ல விரும்புகிறவனுக்கு உரியது வேறு. 2.4 முதல் 2.7 மீட்டர் நீளத்தில், முன்னும் பின்னும் சற்று வளைந்து உயர்ந்து, 250 முதல் 320 லிட்டர் வரை கொள்ளளவுள்ள ஆற்றோட்ட ஓடம். மூன்றாவது வகை, பாறைகள் நெருங்கிய செங்குத்தான சிற்றாறுகளுக்கானது. உருண்டு பருத்த உடல், 300 லிட்டருக்கு மேல். தாவி விழுந்தால் தக்கை போல் மேலே வரும். இவ்விரண்டுக்கும் இடையில், முன்பாதி பருத்தும் பின்பாதி மெலிந்தும் ஒரு கலப்பினம் உண்டு. அது கைதேர்ந்தவர்களுக்கு, நாம் அதில் காலை விட வேண்டாம்.

இந்த அறிவு நமக்குப் புதியதன்று என்பதுதான் வேடிக்கை. நமது ஊர் பென்னாகரத்துக்கு அருகில். ஒகேனக்கல்லில் பரிசல்காரர் நம்மை ஏற்றும்போது என்ன செய்வார்? பருத்தவரை ஒரு பக்கமும், குழந்தையோடு இருப்பவரை மறுபக்கமும் அமர்த்திப் பார்த்து, ஒருவரை இறக்கிவிட்டுத்தான் தள்ளுவார். மூங்கில் பிளாச்சு பின்னி, முன்னாளில் தோலும் இந்நாளில் நெகிழித் தாளும் தாரும் போர்த்திய அந்தப் பரிசலுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பாறையில் மோதினால் சுழன்று நழுவும். அந்த ஆற்றுக்கு அது சரி. கடற்கரையிலோ கட்டைகளைக் கயிற்றால் பிணைத்த கட்டுமரம். அலை மேலே ஏறினாலும் இடுக்கு வழியே வடிந்துவிடும். அந்தச் சொல்லைத்தான் ஆங்கிலேயர் தம் மொழியில் எடுத்துக்கொண்டார்கள். இவ்வளவும் அறிந்த குலத்தில் பிறந்து, சிவப்பு நிறத்தைப் பார்த்து ஏமாந்தோம்.

கயாக்கைப் படைத்தவர்கள் வடதுருவத்தை ஒட்டி வாழும் இனுவிட் மக்கள். மிதந்து வந்த மரத்தாலும் எலும்பாலும் கூடு கட்டி, கடல்நாயின் தோலை இழுத்துத் தைத்தார்கள். கிரீன்லாந்தில் ஓடத்தின் அளவே மனிதனின் உடல்தான்: விரித்த இரு கைகளின் அகலத்தைப் போல் மும்மடங்கு நீளம், இடுப்போடு இரண்டு கைப்பிடி அகலம். ஒருவனுக்குச் செய்தது அடுத்தவனுக்குப் பொருந்தாது. கவிழ்ந்தால் உள்ளிருந்தபடியே துடுப்பாலும் இடுப்பாலும் புரட்டி நிமிர்வதும் அவர்கள் வித்தையே. ஐரோப்பியரில் அதை முதலில் செய்து காட்டியவர் ஆஸ்திரியரான பாவ்லாட்டா, 1927-இல். 1972-இல் மியூனிக் ஒலிம்பிக்கில் நுரைநீர்ப் போட்டி இடம் பெற்றது. 1970-களிலேயே பாறையில் அடிபட்டாலும் உடையாத பாலித்தீன் ஓடங்கள் வரத் தொடங்கின.

மகனுக்குப் பொருந்தாதது தெரிந்ததும் பையனின் தாயார் ஒரு யோசனை சொன்னார். "பெரியதாகவே வாங்கிவிடுங்கள், வளர்கிற பிள்ளை." பள்ளிச் சட்டைக்கு இது நல்ல முறை. ஓடத்திற்கு ஆகாது. உள்ளே இடுப்பு ஆடினால், உடலைச் சாய்த்தாலும் ஓடம் சாயாது; காற்றும் அலையும் விரும்பிய பக்கம் கொண்டு போகும்; கவிழ்ந்தால் தொடை பிடியிலிருந்து நழுவி, நிமிர்த்த முடியாமற் போகும். பாதம் தாங்குகட்டையில் படிய வேண்டும். முழங்கால் சற்று மடிந்து, தொடை மேற்பிடியில் அணைய வேண்டும். இடுப்பின் இருபுறமும் உள்ளங்கை நுழையாத அளவு மெத்தை வேண்டும். இருபது நிமிடம் தரையில் அமர்ந்து பாருங்கள். கால் மரத்துப் போனால் அது உங்கள் ஓடம் அன்று. பிறகு அசையாத நீரில், அருகே ஒருவர் நிற்க, வேண்டுமென்றே கவிழ்ந்து வெளியே வரவேண்டும். இடுப்பைச் சுற்றி மூடும் பாவாடையின் இழுப்பு வளையம் வெளியே தெரிகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். அது உள்ளே மாட்டிக்கொண்டால் பேச்சே இல்லை. நீரில் விழுந்தவன் ஓட்டத்தில் எழுந்து நிற்க முயலவும் கூடாது. பாறை இடுக்கில் கால் சிக்கும். மல்லாந்து, கால்களை முன்னே நீட்டி மிதக்க வேண்டும். தாய்மார்கள் இவ்விரண்டையும் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். விடை தெரியாதவனுக்கு வண்டிச்சத்தம் கொடுக்காதீர்கள்.

எந்த ஆற்றில் இறங்குகிறோம் என்பதும் கேள்விதான். தேவப்பிரயாகையில் பாகீரதியும் அளகநந்தாவும் கூடிக் கங்கை எனப் பெயர் பெற்று வரும் நீர், அகன்ற பெருநீர். கவுடியாலாவிலிருந்து ரிஷிகேசம் ஏறத்தாழ 36 கிலோமீட்டர். வழியில் 'தி வால்' என்னும் பாய்ச்சல் நான்காம் தரம். சிவபுரிக்குக் கீழுள்ள 'ரோலர் கோஸ்டர்', 'கோல்ப் கோர்ஸ்' முதலியன அதனினும் எளியவை. தரம் ஆறு வரை உண்டு. ஆறு என்றால் கரையில் நின்று கும்பிட்டுவிட்டு வரவேண்டியதுதான். இப்பெருநீரில் பாறையைவிட அலையும் சுழியுமே எதிரி. ஆதலின் நடுத்தரக் கொள்ளளவுள்ள ஆற்றோட்ட ஓடமே தொடங்குவோர்க்கு ஏற்றது. கோழிக்கோடு மாவட்டத்தில் சாலிப்புழை, இருவஞ்சிப்புழை என்று சிற்றாறுகள் உள்ளன. 2013 முதல் அங்கே மழைக்காலத்தில் கயாக் விழா தொடங்கியது. அங்குப் பருத்த ஓடம் வேண்டும். நருமதைக் கரையில் மகேசுவரத்துச் சகசிரதாராவில் கம்பங்களுக்கிடையே நுழைந்தோடும் போட்டி நடந்திருக்கிறது. அதற்குரிய ஓடம் 3.5 மீட்டருக்குக் குறையாத, கத்தி போன்ற மெல்லிய பொருள். கங்கையிலோ ஜூலை, ஆகஸ்டு மழைக்காலத்தில் யாரும் இறங்கக் கூடாது. படகுத் தொழிலையே நிறுத்தி வைக்கிறார்கள்.

பழைய ஓடத்தை என்ன செய்தோம் என்று பலர் கேட்கிறீர்கள். மகனோடு பயிற்சி பெற்ற ஒரு பெண், எடை 52 கிலோ, அதில் அமர்ந்து பார்த்தாள். நாம் மறுபடி கணக்குப் போட்டோம்: 52, 6, 14, ஆக 72. மூன்றில் ஒரு பங்குதான் மூழ்கியது. அலைமேல் அவள் அதைச் சுழற்றியபோது நம் மகன் வாயைப் பிளந்து நின்றான். வாங்கிய விலைக்குச் சற்றுக் குறைத்துக் கொடுத்தோம். நம் வீட்டு முகப்பில் இப்போது தொங்குவது 290 லிட்டர். அதுவும் சிவப்பாக அமைந்தது தற்செயல். தன் எடை 20 கிலோ. மின்தூக்கியில் நுழையாததால் மூன்று மாடியும் படிவழியே ஏற்றினோம். ரிஷிகேசத்திலிருந்து கர்ணப்பிரயாகைக்கு 125 கிலோமீட்டர் நீளத்தில் அமையும் புதிய பாதையில் சிவபுரிக்கும் வியாசிக்கும் நிலையங்கள் உண்டு. அங்கெல்லாம் கயாக்கைப் பார்சலில் ஏற்ற என்ன விதி என்று நம்மிடம் கேட்காதீர்கள். அந்த நீளத்துக்கு நாமே இரசீது எழுத மறுப்போம்!

மார்ச்சு மாதம் மகன் அதில் சிவபுரியிலிருந்து இறங்கினான். இருமுறை கவிழ்ந்தான். முதல்முறை மூன்று எண்ணுவதற்குள் நிமிர்ந்தான்; இரண்டாம் முறை நிமிர முடியாமல் நீந்தி வந்தான். தாயார் கரையில் நின்றார், ஆனால் ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு அந்த ஓடத்தைப் பூங்காவில் இறக்கி வைக்கிறோம். ஆசையுள்ள பிள்ளைகள் வந்து உட்கார்ந்து பார்க்கலாம். எடை பார்க்கும் கருவியை நாம் கொண்டு வருகிறோம்.