வேரில் ஒரு தொழிற்சாலை



என்ஜினீயரைக் கூப்பிட்டால் பாலம் பற்றிப் பேசுவான் என்று நினைத்திருப்பீர்கள். நான் வேர்க்கடலை பற்றிப் பேசப் போகிறேன்.

கனகம்மாசத்திரத்தில் எங்களுக்கு ஒரு ஏக்கர் மானாவாரிக் கொல்லை. ஒரு வருஷம் கடலைச்செடி வெளுத்திருக்கிறதே என்று நான்தான் ஒரு மூட்டை யூரியாவை வாங்கிப் போட்டேன். "வேணாம்டா" என்றார் அப்பா. கேட்கவில்லை. செடி கருகருவென்று தழைத்தது. பிடுங்கினால் காய் சொற்பம். வேர்முடிச்சைத் தேட வேண்டியிருந்தது.

பிறகுதான் படித்தேன். அந்த முடிச்சுக்குள் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குத் தருகிறது. 1888-ல் பெய்ஜரிங்க் என்ற டச்சு விஞ்ஞானி அதைப் பிரித்தெடுத்தார். செடி இதற்குக் கூலியாகத் தன் சர்க்கரையைக் கொடுக்கிறது. மண்ணிலேயே நைட்ரேட் தாராளமாகக் கிடைத்தால் எதற்குக் கூலி? புது முடிச்சுகள் குறையும், இருப்பவையும் மந்தமாகும். வேலை செய்கிற முடிச்சை நறுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு, ஓய்ந்துபோனதில் பச்சை.

மானாவாரிக் கடலைக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரை ஹெக்டேருக்கு 10 கிலோ தழைச்சத்து. அதாவது ஏக்கருக்கு 4 கிலோ. முடிச்சு வேலை தொடங்கும்வரை கைகொடுக்க அது போதும். 45 கிலோ யூரியா மூட்டையிலோ ஏறக்குறைய 21 கிலோ. ஐந்து மடங்கு! கணக்குப் படித்தவன் அந்தக் கணக்கைப் போடவில்லை.

இப்போது ஆறிய கஞ்சியில் ரைசோபியம் கலந்து விதைநேர்த்தி செய்கிறோம். தம்பிகளே, மூட்டையைப் பிரிக்குமுன் ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். அப்பா சொல்வதையும் கொஞ்சம் கேளுங்கள்.